நின்றுகொண்டே முதலிடம்

1

ஊரிலிருந்து பேசுகிறவர்கள் குளிரைப் பற்றிக் கேட்டு முடித்ததும் அடுத்துக் கேட்பது பள்ளிக்கூடத்தைப் பற்றித்தான். "அங்கெல்லாம் பிள்ளைங்களுக்கு டென்ஷனே இல்லையாமே?" என்பார்கள். ஆமாம் என்று சொல்லிச் சொல்லிப் பழகிவிட்டது. நெதர்லாந்துக்கு வந்து ஐந்து வருடமாக இதே பதிலைத்தான் சொல்லிக்கொண்டிருந்தேன். போன வசந்த காலத்திலிருந்து அந்த 'ஆமாம்' வாயில் வருவதில்லை. நடந்ததைச் சொல்கிறேன். எனக்கே முழுசாகப் புரிந்துவிட்டதா என்று மட்டும் கேட்காதீர்கள்.

என் மகள் ஜெனிக்குப் பதின்மூன்று வயது. அவள் பள்ளியில் உடற்கல்வி வகுப்புக்கு முன்னால் பிள்ளைகள் எல்லாரும் சட்டைக்குள்ளே மார்பில் ஒரு பட்டையைக் கட்டிக்கொள்கிறார்கள். அது இதயத் துடிப்பை எண்ணும். விளையாட்டுக் கூடத்தின் சுவரில் பெரிய திரை ஒன்று. அதில் ஒவ்வொரு பிள்ளைக்கும் ஒரு கட்டம், கட்டத்தில் பெயர், பெயருக்குக் கீழே துடிப்பு. சும்மா இருந்தால் கட்டம் நீலம். அசைந்தால் பச்சை, ஓடினால் மஞ்சள், மூச்சு முட்ட ஓடினால் சிவப்பு. வகுப்பு முடிந்ததும் அன்றைய வண்ணங்கள் எல்லாம் ஒரு கோடாகச் சேர்ந்து பெற்றோரின் போனுக்கு வந்துவிடும்.

முதல் கோடு வந்த அன்று நான் ரயிலில் நின்றுகொண்டிருந்தேன். திறந்து பார்த்தால் ஆரம்பத்தில் துளி மஞ்சள், பிறகு கடைசிவரை சிவப்பு. மயிலாப்பூரில் படித்தவளுக்குச் சிவப்பு என்றால் என்ன? அப்பாவிடம் காட்டாமல் ஒளித்துவைக்கும் மதிப்பெண் அட்டையில் அடிக்கோடு. வீட்டுக்குள் நுழைந்ததும் நுழையாததுமாக, "விளையாட்டில்கூடவா ஃபெயில்?" என்று பிடித்துக்கொண்டேன். ஜெனி ரொட்டியில் வெண்ணெய் தடவிக்கொண்டிருந்தாள். சிவப்புதான் இங்கே உச்சம் என்று என் கணவர் சேவியர் அந்தச் செயலியின் உதவிப் பக்கத்தைப் படித்துச் சொன்ன பிறகுதான் என் சத்தம் அடங்கியது. வாரக் கடைசியில் ஆசிரியரிடமிருந்தே செய்தி வந்தது. துடிப்பை இறங்கவிடாமல் கடைசிவரை நிலைநிறுத்திய ஜெனிக்கு 'இந்த வார முயற்சி நட்சத்திரம்'.

திட்டிய வாயாலேயே கொஞ்சினேன். கேசரி கிளறினேன். அவள் இரண்டு ஸ்பூன் சாப்பிட்டுவிட்டு அறைக்குப் போய்விட்டாள். வயசு அப்படி என்று நினைத்தேன்.

2

நட்சத்திரம் வாங்கிய பெண்ணைப் பெற்றவள் பி.டி. பீரியடில் என்ன கிழித்தாள் என்று நீங்கள் கேட்கலாம். சொல்கிறேன்.

எங்களுடையது மயிலாப்பூரில் பங்குக் கோயிலை ஒட்டிய பெண்கள் பள்ளி. வாரத்தில் இரண்டு பி.டி. பீரியட். அதில் ஒன்று கணக்கு மிஸ்ஸுக்குச் சொந்தம். ஷூ லேசை இறுக்கிக் கட்டிக்கொண்டு வரிசையில் நிற்போம், அவர் சாக்பீஸோடு வாசலில் வந்து நிற்பார். "போர்ஷன் முடியலை, உட்காருங்க" என்பார். அவ்வளவுதான். இன்னொன்றில் மைதானத்துக்குப் போவோம். உயரமான பெண்கள் டென்னிகாய்ட் வளையத்தை எடுத்துக்கொள்வார்கள். மீதிப் பேர் ஓரமாக உட்காருவோம். "மிஸ், வயித்து வலி" என்றால் பி.டி. மிஸ் நாற்காலியிலிருந்து நிமிராமலே கையை அசைப்பார். எட்டாம் வகுப்பு முழுக்க நான் உப்பும் மிளகாய்த்தூளும் தொட்டு நெல்லிக்காய் தின்றே பி.டி. படித்தேன்.

விளையாட்டு விழா வந்தால் மட்டும் பள்ளிக்குத் திடீரென்று எங்கள் உடம்பின் மேல் அக்கறை வந்துவிடும். சிறப்பு விருந்தினர் பார்க்கப்போகும் கொஞ்ச நேர டிரில்லுக்காக மாதக்கணக்கில் வெயிலில் வளையத்தைத் தூக்கிக்கொண்டு 'ஒன், டூ, த்ரீ, ஃபோர்'. யார் இதயம் எப்படித் துடித்தது என்று யாருக்கும் தெரியாது. மயங்கி விழுந்தால்தான் தெரியும்.

அது பொற்காலம் என்று சொல்ல நான் வரவில்லை. அங்கே எங்களை ஒருவரும் பார்க்கவில்லை. இங்கே என் பெண்ணை, அவள் சட்டைக்குள்ளே இருப்பதைக்கூட, எல்லாரும் பார்க்கிறார்கள். இரண்டில் எது மேல் என்று கேட்டால் எனக்குச் சொல்லத் தெரியவில்லை.

3

நட்சத்திரச் செய்தியைக் குடும்ப வாட்ஸ்அப் குழுவில் போடாமல் இருப்பேனா? போட்டேன். கைதட்டும் படங்களும் பலூன்களும் வந்து குவிந்தன. அன்று மாலையே என் தங்கை அமலா கூப்பிட்டாள். அமலா அடையாறில் ஒரு பெண்கள் பள்ளியில் பி.டி. மிஸ். எங்கள் வீட்டில் விளையாட்டு அவளோடு பிறந்து அவளோடு நின்றுவிட்டது.

"சூப்பர்க்கா. ஜெனிக் குட்டி என்ன விளையாடுச்சு?"

"அதான் சொன்னேனே, முழுக்க சிவப்பு."

"அது இல்லக்கா. என்ன கேம்? கூடைப்பந்தா, ஹாக்கியா?"

அது எனக்குத் தெரியவில்லை. நான் கேட்கவே இல்லை. போனைக் காதில் வைத்தபடியே ஜெனியின் அறைக்குப் போய், "சித்தி கேக்கறாங்க, என்ன விளையாண்டே?" என்றேன். படுக்கையில் குப்புறப் படுத்திருந்தவள் திரும்பாமலே சொன்னாள்.

"விளையாடலை. நின்னேன்."

போனை வைத்துவிட்டுப் பக்கத்தில் உட்கார்ந்தேன். அவளுடைய தமிழ் பாதி வழியில் டச்சுக்குத் தாவிவிடும். இரண்டையும் ஒட்டுப்போட்டு நான் புரிந்துகொண்டது இது. முதலில் எல்லாரும் கூடத்தைச் சுற்றி ஓடுகிறார்கள். எல்லாருடைய கட்டமும் ஏறுகிறது. பிறகு ஆட்டத்துக்கு அணி பிரித்து நிற்கும்போது மற்றவர்களுடையது இறங்குகிறது. இவளுடையது இறங்குவதில்லை. இறங்கவில்லையே என்று இவள் திரையைப் பார்க்கிறாள். பார்த்தால் ஏறுகிறது. யாராவது திரும்பி இவள் பெயரையும் இவளையும் மாறி மாறிப் பார்க்கிறார்கள், இன்னும் ஏறுகிறது. பந்து வந்தால் இன்னும். அதனால் சுவரோரமாக ஒதுங்கி நின்றுவிடுகிறாள். ஆசிரியர் திரையைப் பார்த்துவிட்டு இவளுக்குக் கட்டைவிரலை உயர்த்திக் காட்டுகிறார்.

"நான் பயப்படறதை எல்லாரும் பார்க்கறாங்கம்மா," என்றாள். "ஆனா அது பயம்னு யாருக்கும் தெரியலை."

சொல்லிடலாம், நாளைக்கே ஆசிரியரிடம் பேசறேன் என்று ஆரம்பித்தேன். எழுந்து உட்கார்ந்து என் கையைப் பிடித்துக்கொண்டாள். சொல்லக் கூடாதாம். சிவப்பாக இருக்கும்வரை அவளை யாரும் 'ஏன் விளையாடலை' என்று கேட்பதில்லை. சொன்னால் எல்லாரும் கேட்பார்கள். சத்தியம் செய்யச் சொன்னாள். செய்தேன். செய்துவிட்டுச் சமையலறையில் போய் நின்றேன், எதற்குப் போனேன் என்று தெரியாமல்.

என் பெண் பயந்து நிற்கிறாள், அதற்குப் பரிசு தருகிறார்கள். அவளோ அந்தப் பரிசுக்குப் பின்னால் ஒளிந்துகொண்டிருக்கிறாள். போய்ச் சொன்னால் இனி என்னிடம் எதுவும் சொல்ல மாட்டாள். சொல்லாவிட்டால் பயமே அவளுக்குப் பழக்கமாகிவிடும். எந்தப் பக்கம் அடியெடுத்து வைத்தாலும் அவள் மேல்தான் மிதிக்கப்போகிறேன் என்று இருந்தது.

4

இதயத்திலேயே ஏதாவது கோளாறோ என்ற பயம் வேறு. குடும்ப மருத்துவரின் அலுவலகத்துக்குப் போன் போட்டேன். இங்கே நேராக மருத்துவரிடம் போய்விட முடியாது. முதலில் வரவேற்பில் இருக்கும் பெண்ணிடம் டச்சில் வாதாடி, நமக்கு வியாதி இருக்கிறது என்று நிரூபிக்க வேண்டும். பதற்றத்தில், என் மகள் பயப்படுகிறாள் என்று சொல்ல நினைத்து, என் மகள் பயமுறுத்துகிறாள் என்று சொல்லிவிட்டேன். அந்தப் பெண் சற்று யோசித்து, "யாரை?" என்று கேட்டாள். என்னைத்தான் என்று சொல்லியிருக்கலாம், அதுவும் உண்மைதான்.

ஒருவழியாக மருத்துவர் பார்த்தார். இதயத்தில் ஒரு குறையும் இல்லை, வளரும் பெண், நிறையத் தண்ணீர் குடிக்கட்டும் என்றார். பயத்தினால் துடிப்பு இப்படி ஏறுமா என்று கேட்டேன். ஏறும் என்றார். எத்தனை நேரம் ஏறியே இருக்கும் என்றேன். "பயம் இருக்கும்வரை," என்று சிரித்தார். இதைச் சொல்ல ஒரு மருத்துவர்.

அடுத்து பெற்றோர் சந்திப்பு. உடற்கல்வி ஆசிரியரின் பெயர் யான். பெற்றோரும் பெயர் சொல்லித்தான் கூப்பிட வேண்டும். எனக்கு நாக்கு கூசும், 'யான் சார்' என்பேன். நல்ல மனிதர். கெட்டிக்காரப் பிள்ளைகளை மட்டும் கவனித்துவிட்டு மற்றவர்களை ஓரம் கட்டும் பழைய வழக்கம் தனக்குப் பிடிக்காது என்றும், இந்தப் பட்டை வந்த பிறகுதான் கோல் போடாத பிள்ளையின் உழைப்பும் தன் கண்ணில் படுகிறது என்றும் மனப்பூர்வமாகச் சொன்னார். "உதாரணத்துக்கு, ஜெனி!" என்றார். நெல்லிக்காய் தின்றே எட்டாம் வகுப்பைத் தாண்டிய நான் அவரிடம் எந்த முகத்தோடு மறுத்துப் பேசுவது? அவர் சொன்னதில் தப்பு எங்கே இருக்கிறது என்றுகூட எனக்குப் பிடிபடவில்லை. பக்கத்தில் ஜெனி என் செருப்பையே பார்த்துக்கொண்டிருந்தாள். நன்றி சொல்லிவிட்டு வந்தேன்.

5

ஜூலையில் விடுமுறைக்குச் சென்னை. சைதாப்பேட்டையில் அமலா வீட்டில் தங்கினோம். ஜெனியை நாள் முழுக்கப் போனோடு விட மனமில்லாமல், "வாயேன், என் ஸ்கூலுக்கு" என்று அமலா கூட்டிக்கொண்டு கிளம்பினாள். தலைமையாசிரியை அவளுக்கு வேண்டியவர், வாய்வார்த்தையிலேயே அனுமதி கிடைத்துவிட்டது. நெதர்லாந்தில் இதற்கு எத்தனை கையெழுத்து கேட்டிருப்பார்கள் என்று யோசித்தபடி நானும் போனேன்.

போன இடத்தில் எனக்கு ஒரு அதிர்ச்சி காத்திருந்தது. ஒன்பதாம் வகுப்புப் பெண்கள் மணிக்கட்டில் கறுப்புப் பட்டைகள்! ஏதோ ஒரு நிறுவனம் நன்கொடையாகக் கொடுத்ததாம். வாரா வாரம் அறிக்கை போக வேண்டும். பட்டைகள் பாதி வகுப்புக்குக்கூடப் போதாது, மாற்றி மாற்றிக் கட்ட வேண்டும். பள்ளியில் வைஃபை இல்லை, எண்களைக் காட்டும் டேப்லெட்டுக்கு அமலாவின் சொந்தப் போனிலிருந்துதான் நெட்.

"எல்லா பொண்ணுங்க பேருக்கும் கோடு போனாத்தான் அடுத்த வருஷம் இன்னும் பட்டை தருவாங்களாம்," என்று அமலா சலித்துக்கொண்டாள்.

வகுப்பு தொடங்கியதும் நான் கவனித்தேன். ஒரு கூட்டம் த்ரோபால் ஆடப் போனது. இன்னொரு கூட்டம் மரத்தடியில் உட்கார்ந்து தங்கள் பட்டைகளைக் கழற்றிக்கொண்டிருந்தது. கழற்றியவை எல்லாம் பவானி என்ற பெண்ணின் மடியில் போய் விழுந்தன. பவானிதான் வகுப்பிலேயே நன்றாக ஓடுகிறவள். தோழிகளின் பட்டைகளையும் தன் கையில் மாட்டிக்கொண்டு எல்லாருக்கும் சேர்த்து அவளே ஓடிவிடுவாளாம். ஆனால் அன்று அவள் ஒரு காலைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

"எனுக்குக் கால் சுளுக்கிக்கினு கீது. நான் ஓட மாட்டேன்பா."

"அப்போ எங்க பட்டைய இன்னா பண்றது?"

பவானி சுற்றிலும் பார்த்தாள். கட்டைச் சுவரில் உட்கார்ந்திருந்த ஜெனியின் மேல் பார்வை நின்றது. முகத்தில் இல்லை, காலில்.

"ஏய் ஹாலந்து! உன் ஷூ செமையா கீதே. நீ ஓடுவியா?"

ஜெனி என்னைப் பார்த்தாள். நான் த்ரோபாலில் மிகுந்த ஆர்வம் உள்ளவளாக முகத்தைத் திருப்பிக்கொண்டேன்.

"ஸ்கிரீன் எங்க?" என்று அவள் கேட்பது காதில் விழுந்தது.

"ஸ்கிரீனா? இங்க இன்னா சினிமாவா காட்றாங்க?" மரத்தடியே சிரித்தது. "மிஸ்ஸுகிட்ட ஒரு டேப் கீது. அத யாரு பாக்குறா? கைய குடு நீ."

கையைக் கொடுத்தாள். வளைகாப்புக்கு அடுக்குவதுபோல முழங்கைவரை பட்டைகளை ஏற்றினார்கள். ஒருத்தி அவள் முடியை இறுக்கிக் கட்டிவிட்டாள். "மொத ரவுண்டு ஸ்லோவா போ, கடைசில இஸ்பீடு எடு," என்று பவானி நொண்டிக்கொண்டே கூடப் போய்ச் சொல்லிக்கொடுத்தாள். ஜெனி ஓடினாள்.

முதல் நாள் பெய்த மழையில் மைதானத்தின் ஒரு மூலையில் தண்ணீர் தேங்கியிருந்தது. முதல் சுற்றில் அதைச் சுற்றிக்கொண்டு போனாள். இரண்டாவதில் தாண்டினாள். மூன்றாவதில் அதற்குள்ளேயே இறங்கி ஓடினாள். "ஹாலந்து! ஹாலந்து!" என்று மரத்தடி கத்தியது. யாருடைய பெயர் யாருடைய கையில் ஓடுகிறது என்று ஒருவருக்கும் கவலை இல்லை.

நான் அமலாவிடம் ஓடிப்போய் டேபை வாங்கிப் பார்த்தேன். ஐந்தாறு பெண்களின் எண்கள் ஒன்றாக ஏறிக்கொண்டிருந்தன. அத்தனையும் என் பெண்ணின் இதயம். அவள் பெயர் மட்டும் அதில் எங்கேயும் இல்லை.

"அமலா, இது ஏமாத்து இல்லையா?"

"ஏமாத்துதான்க்கா. இல்லைன்னு யாரு சொன்னா? அதட்டிப் பாத்தேன், பட்டையைப் புடுங்கி வச்சும் பாத்தேன். ஆனா இப்படி ஊருக்கெல்லாம் ஓடி ஓடியே பவானி இந்த வருஷம் மண்டலப் போட்டிக்குப் போறா. மத்ததுங்க உட்கார்ந்து ஊர்க்கதை பேசுதுங்க. இதை நான் நல்லதுல சேக்கறதா, கெட்டதுல சேக்கறதா? நீயே சொல்லு, வெளிநாட்டுல இருக்கே."

வெளிநாட்டில் இருப்பதால் தெரிந்துவிடுமா என்ன! இரண்டு பேரும் டேபைப் பார்த்தபடி நின்றோம். ஜெனி ஓடி முடித்து, இடுப்பில் கை வைத்துக் குனிந்து, பிறகு நிமிர்ந்து ஏதோ சொன்னாள். அந்தப் பெண்கள் விழுந்து விழுந்து சிரித்தார்கள். என்ன சொன்னாள் என்று எனக்குக் கேட்கவில்லை. இந்த ஐந்து வருடத்தில் அவள் சொன்னதற்கு ஒரு கூட்டம் சிரித்து நான் பார்த்ததில்லை. எனக்குச் சந்தோஷமாகவும் இருந்தது, இதற்கு இவ்வளவு தூரம் வர வேண்டியிருந்ததே என்றும் இருந்தது.

திரும்பும்போது பஸ்ஸில் ஜன்னலோரம் உட்கார்ந்திருந்தவள், பாலத்தில் ஏறும்போது கேட்டாள்.

"அம்மா, எங்க ஸ்கூல்ல சொல்லி அதை எடுக்கச் சொல்றியா?"

"பட்டையையா?"

"பட்டை இருக்கட்டும். சுவத்துலருந்து என் பேரை மட்டும்."

6

செப்டம்பரில் யான் சாருக்கு எழுதினேன். பயம் என்ற வார்த்தையை எழுதவில்லை, சத்தியம் செய்திருக்கிறேனே. மகளின் பெயர் திரையில் வர வேண்டாம் என்று மட்டும் கேட்டேன். அவர் அதைத் தரவுப் பாதுகாப்பு அலுவலருக்கு அனுப்பினார். ஒரு பள்ளிக்கூடத்தில் அப்படி ஒரு பதவி இருப்பதே எனக்கு அப்போதுதான் தெரியும். பெயரைக் காட்ட நான் ஏற்கெனவே சம்மதித்திருக்கிறேனே என்று அந்த அலுவலர் பதில் போட்டார். பள்ளியில் சேர்த்தபோது நீட்டிய இடத்திலெல்லாம் கையெழுத்துப் போட்டது ஞாபகம் வந்தது. சம்மதத்தைத் திரும்பப் பெற ஒரு படிவம். அதை அச்செடுத்து, கையெழுத்திட்டு, மறுபடி படம் பிடித்து அனுப்ப வேண்டும். கட்டம் இல்லாமல் வகுப்பில் இருக்க முடியாது, ஆனால் புனைபெயர் வைத்துக்கொள்ளலாம் என்று கடைசியில் முடிவானது.

ஜெனி 'அடையாறு' என்று வைத்துக்கொண்டாள். டச்சுப் பிள்ளைகளின் வாயில் அது படாத பாடு படுகிறதாம். ஒருத்திக்குக் கொடுத்தால் மற்றவர்கள் சும்மா இருப்பார்களா? பத்து நாளில் பாதி வகுப்பு புனைபெயருக்கு மாறிவிட்டது. வாழைப்பழம், பூனை, பாட்டியின் சைக்கிள். திரையில் யார் யாரென்று யாருக்கும் தெரியாது. யான் சாருக்கு மட்டும் தெரியும்.

பிறகு நான் போனுக்கு வரும் கோட்டைப் பார்ப்பதை விட்டுவிட்டேன். ஜெனியிடம் என்ன விளையாடினாய் என்று மட்டும் கேட்பேன். சில நாள் சொல்வாள். சில நாள் தோளைக் குலுக்குவாள்.

போன வாரம் வாசலில் ஷூவைக் கழற்றாமல் நின்று, "அம்மா, பஞ்சு இருக்கா?" என்றாள். வெளி மைதானத்தில் ஹாக்கியாம். ஓடி வந்த வேகத்தில் விழுந்து இடது முழங்கால் நன்றாகச் சிராய்ந்திருந்தது, கால்சட்டை கிழிந்து மண்ணும் ரத்தமும். நாற்காலியில் உட்காரவைத்துக் கழுவினேன். மருந்தைத் தொட்டு வைக்கும்போது பக்கத்தில் இருந்த போன் அதிர்ந்தது. பள்ளியிலிருந்து. ஒரு கையால் திறந்து படித்தேன்.

ஜெனியின் முயற்சி சென்ற ஆண்டைவிடக் கணிசமாகக் குறைந்திருக்கிறது. ஆட்டத்துக்கு நடுவே அவளது துடிப்பு அடிக்கடி இறங்கிவிடுகிறது. வீட்டில் ஏதேனும் பிரச்சினையா? அவளோடு பேசி ஊக்கப்படுத்துமாறு அன்புடன் கேட்டுக்கொள்கிறேன். யான்.

ஒரு தடவை படித்தேன். டச்சில் எனக்கு ஏதாவது தப்பாகப் புரிந்திருக்குமோ என்று இன்னொரு தடவை படித்தேன். சரியாகத்தான் புரிந்திருந்தது. அந்த நல்ல மனிதருக்கு என்ன பதில் எழுதுவது என்று யோசித்தேன். கண்ணில் தண்ணீர்தான் வந்தது. அடக்கப் பார்த்தேன், முடியவில்லை. பஞ்சைக் கையில் வைத்துக்கொண்டு மூக்கை உறிஞ்சிக்கொண்டிருந்தேன்.

ஜெனி குனிந்து என் முகத்தைப் பார்த்தாள்.

"அம்மா," என்றாள். "அடிபட்டது எனக்கு. நீ ஏன் அழறே?"